அடுப்படிதான் இருட்டு

அன்புள்ள மகன் எலாடியோவுக்கு அம்மா பசிலியா சொல்லச் சொல்ல உன் தங்கை நில்டா எழுதுவது. இங்கே நானும் அவளும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம், ஆடுகள் இருக்கின்றன, கழுதை தன் குணம் மாறாமல் இருக்கிறது, அடுப்படியில் கறிக்கு வளர்க்கிற கினிப்பன்றிகள் பதினெட்டும் ஓடிக்கொண்டிருக்கின்றன, அவற்றில் ஏழு பச்சையாக இருக்கின்றன, அதற்கு நீதான் காரணம், பின்னால் சொல்கிறேன். நீயும் அந்த லிமாவில் சளி பிடிக்காமல் சுகமாக இருக்க வேண்டும் என்று மலையிடமும் மாதாவிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன், இரண்டு பேரில் ஒருவருக்காவது காது கேட்காதா. ஈஸ்டருக்கு நீ அனுப்பிய போட்டோவைத் தினமும் எடுத்துப் பார்க்கிறேன். ரொம்ப இளைத்துவிட்டாய். நில்டாவிடம் காட்டி, பிள்ளை எப்படி இளைத்துவிட்டான் பார் என்றேன், அவள் ம் என்றாள், அவ்வளவுதான் அவள் பேச்சு, பள்ளிக்கூடத்தை விட்டு இரண்டு வருஷமாக ஆடுகளோடு இருந்து இருந்து இப்படி ஆகிவிட்டாள், ஆடாவது பதிலுக்குக் கத்துகிறது, இவள் அதுகூட இல்லை. கடையில் இருக்கும் டெலிபோனில் பேசலாமே ஏன் கடிதம் என்று நீ கேட்பாய். அந்த டெலிபோனில் பேசினால் வரிசையில் நிற்கிறவர்கள் எல்லாரும் நம் குடும்ப விஷயத்துக்குத் தலையாட்டுகிறார்கள், போன தடவை நான் மறந்துபோன ஒரு பெயரைப் பின்னாலிருந்து ஒருவர் எடுத்துக் கொடுத்தார். இந்த விஷயம் அப்படிச் சொல்லக்கூடியது இல்லை. ஊருக்கு ஏற்கெனவே தெரியும் என்பது வேறு.

நீ போன கடிதத்தில் எழுதியிருந்தாய், அம்மா கண்ணைக் காட்டு, செப்டம்பர் கடைசி ஞாயிறு டவுனில் கண் முகாம் நடக்கிறது, உன் ஞானத்தகப்பன் மெலித்தோனோடு போ என்று. நான் அப்போதே சொன்னேன், என் கண்ணுக்கு ஒன்றும் இல்லை, இந்த அடுப்படிதான் இருட்டு. ஜன்னல் இல்லாமல் உன் அப்பா கட்டினார், குளிர் வராது என்றார், குளிரும் வரவில்லை வெளிச்சமும் வரவில்லை, புகை மட்டும் போக மனமில்லாமல் எங்களோடேயே தங்கிவிட்டது. ஆனால் நான் சொல்வதை யார் கேட்கிறார்கள். எல்லாம் சந்தியாகப்பர் திருநாளில் ஆரம்பித்தது. ஆடுகளுக்குக் காதில் கலர் நூல் கட்டி முடித்து எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தோம், ஆட்டுக்கறியும் பனியில் காய்ந்த கறுப்புக் கிழங்கும் போட்டு சூப் வைத்திருந்தேன். ஊற வைத்த கிழங்கு நாலைந்து அடுப்போரம் தண்ணீரில் விழுந்தது, பொறுக்கிப் பானையில் போட்டேன், கூடவே ஒரு கரித்துண்டும் வந்துவிட்டது. இதுவும் கறுப்பு, அதுவும் கறுப்பு, இரண்டும் ஈரம், யாருக்கும் வரக்கூடிய தவறுதான். அது வேறு யார் கிண்ணத்திலும் போகாமல் நேராக உன் ஞானத்தகப்பன் கிண்ணத்துக்குப் போனது. அவர் கடித்தார், கூடவே ஒரு பல்லும் வந்துவிட்டது. அந்தப் பல் மூன்று வருஷமாக விழுவதற்கு ஒரு சாக்குத் தேடிக்கொண்டிருந்தது, எல்லாருக்கும் தெரியும், ஆனால் பழி என் மேல். பல்லை ஒரு கையிலும் கரியை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு, "தங்கச்சி, கிழங்கு கொஞ்சம் அதிகமா வெந்துருச்சு போல" என்றார். பக்கத்து வீட்டுத் தொமாசா விட்டு வைப்பாளா, என் முகத்துக்குக் கிட்டே வந்து பார்த்து, "பசிலியாக்கா, உன் கண்ணுல பால் ஊத்தி வச்ச மாதிரி இருக்கு, இத வச்சுக்கிட்டு நீ சூப் வைக்கிறதே பெரிசு" என்றாள். நான் சொன்னேன், என் கண்ணை விடு, உன் வீட்டு அடுப்படி மாதிரி எனக்கும் ஒரு ஜன்னல் இருந்தால் எறும்பு ஆணா பெண்ணா என்று சொல்வேன் என்று. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். உடனே மெலித்தோன், "சரி தங்கச்சி, அடுப்படிய வெளிச்சம் பண்ணிடுவோம். பண்ணி முடிச்சு ஒரு தட்டுல கிழங்கும் கரியும் கலந்து உன் முன்னாடி வைப்பேன். பிரிச்சுட்டியா, நான் இனிமே கண்ணப் பத்திப் பேசவே மாட்டேன். பிரிக்கலையா, முகாமுக்கு வந்து ஆபரேஷன் பண்ணிக்கணும்" என்று எல்லார் முன்னாலும் பந்தயம் கட்டினார். அவர் வாயை மூடுவார் என்ற ஆசையிலேயே நான் ஒப்புக்கொண்டேன்.

நீ ஊரார் அடுப்படிக்கெல்லாம் வெள்ளையடித்துப் பிழைக்கிற பிள்ளை, உனக்குச் சொல்லி அனுப்பியதும் மிச்சப் பெயின்ட் ஒரு டின் பஸ்ஸில் போட்டுவிட்டாய், நல்ல மனசு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் பச்சை. எந்தப் பல் டாக்டர் வீட்டில் அடித்ததின் மிச்சமோ தெரியாது, மெலித்தோன் உள்ளே வந்து பார்த்ததும் விழுந்த பல் இருந்த இடத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அடிப்பதற்கு முன்னால் கரியைச் சுரண்டு என்று டின் மேல் நீ காகிதம் ஒட்டியிருந்தாய், நில்டா வாசித்தாள், நான்தான் வேண்டாம் என்றேன். இருபத்தாறு வருஷத்துப் புகைக்கரி, அதுதான் அந்தச் சுவரைத் தாங்குகிறது என்று நினைத்தேன். பெயின்ட் அடித்த மூன்றாம் நாள் அடுப்பு மூட்டினேன், சுவர் சூடானதும் உன் பல் டாக்டர் பச்சை பால் ஆடை மாதிரிச் சுருண்டு சுருண்டு விழ ஆரம்பித்தது. பானையில் விழுந்தது, உப்பில் விழுந்தது, சுவரோரமே ஓடுகிற வழக்கமுள்ள கினிப்பன்றிகள் ஏழும் ஒரு பக்கம் மட்டும் பச்சையாகிவிட்டன. இந்தப் பக்கம் ஓடினால் பச்சை, திரும்பி வந்தால் பழுப்பு. தொமாசா சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, அடுப்படி வெளிச்சமாகல, ஆனா கறி உயிரோடயே பச்சையாயிருச்சு" என்றாள். பிறகு நில்டாதான் மூன்று நாள் ஏணி மேல் நின்று காய்ந்த புல் கட்டால் சுவரைத் தேய்த்தாள், இறங்கி வரும்போது அவளுக்குப் பல் மட்டும்தான் வெள்ளை. சுண்ணாம்பில் கள்ளிச் சாறு ஊற்றிப் புளிக்க வைத்து மூன்று பூச்சுப் பூசினாள். உன் டின்னை விட இது நன்றாக ஒட்டியது, லிமாவில் போய்ச் சொல், இங்கே கள்ளி நிறைய இருக்கிறது.

சுவர் வெள்ளையானதும் எல்லாரும் ஆஹா என்றார்கள். நான் சுற்றிப் பார்த்தேன், எனக்கு ஏதோ பனிமூட்டத்துக்குள் நிற்கிற மாதிரித்தான் இருந்தது. சுண்ணாம்பு மட்டம், ஜன்னல் இல்லாவிட்டால் வெள்ளையடித்து என்ன பயன் என்றேன். மெலித்தோன் கடப்பாரை கொண்டு வந்து சுவரில் நாலு மண்கல்லைத் தட்டி எடுத்தார். எந்தப் பக்கம் என்று நினைக்கிறாய், தொமாசா வீட்டுப் பக்கம். இப்போது நான் என்ன சமைக்கிறேன் என்று அவளுக்குத் தெரியும், அவள் புருஷனை என்ன சொல்லித் திட்டுகிறாள் என்று எனக்குத் தெரியும். அந்த மனிதர் இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே முகாமில் கண் ஆபரேஷன் செய்துகொண்டு வந்தவர், முப்பது வருஷம் சண்டையே போடாத மனிதர், கட்டு அவிழ்த்த நாளிலிருந்து தினமும் சண்டை. பார்வை திரும்பி என்ன நல்லது நடந்தது சொல். நான் ஜன்னலில் நின்று இதைச் சொன்னதும் தொமாசா அகப்பையைச் சுவரில் தட்டிக் காட்டினாள், காட்டினது அகப்பை என்று சத்தத்தை வைத்துத்தான் சொல்கிறேன். ஜன்னல் வைத்தும் போதவில்லை. அது வெயில் விழுகிற வடக்குப் பார்த்த ஜன்னலாக இருந்திருந்தால் போதியிருக்கும் என்றேன். நில்டா அதைக் கேட்டுவிட்டு என் முன்னால் இருந்த பிளேட்டைக் கொஞ்சம் கிட்டே நகர்த்தி வைத்தாள். எனக்குக் கோபம் வந்தது. எனக்குத் தெரியாதா பிளேட் எங்கே இருக்கிறது என்று.

கடைசியில் கூரை. தகரக் கூரையில் ஒரு தகட்டை எடுத்துவிட்டுக் கண்ணாடி மாதிரி வெளிச்சம் விடுகிற பிளாஸ்டிக் தகடு போடலாம் என்றார் மெலித்தோன், சந்தையிலிருந்து அவரே முதுகில் கட்டிக்கொண்டு வந்தார், காற்றில் ஆள் இரண்டு தடவை திரும்பிச் சந்தைக்கே நடந்துவிட்டார் என்று கேள்வி. கூரை போட்டால் கூரைக்கு ஒரு ஞானத்தாய் வேண்டும், சிலுவையும் மண் காளை இரண்டும் அவள்தான் கொண்டு வர வேண்டும், நம் வழக்கம் உனக்குத் தெரியாததா. ஒரே ஒரு தகட்டுக்கு ஞானத்தாய் யாராவது வைப்பார்களா என்றேன். வைக்காமல் விட்டால் முதல் காற்றுக்கே பறந்துவிடும் என்று எல்லாரும் பயமுறுத்தினார்கள். தொமாசா தானாகவே முன்வந்தாள், ஒரு தகடு என்பதால் ஒரு காளைதான் கொண்டு வந்தாள், அதுவும் கொம்பு உடைந்தது. "பாதிக் கூரைக்குப் பாதிக் காளை போதும்கா" என்றாள். சோளக்கள்ளைத் தகட்டில் ஊற்றினாள், தகட்டில் ஊற்றியதை விடத் தொண்டையில் ஊற்றியது அதிகம், கலர் காகிதம் கட்டினாள், ஞானத்தாய் என்ற உரிமையில் அன்றிலிருந்து கேட்காமலேயே உள்ளே வருகிறாள். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அந்தத் தகடு மாட்டிய நிமிஷம் உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டார்கள். கினிப்பன்றிகள் அடுப்புக்குக் கீழே ஓடி ஒளிந்தவை சாயங்காலம் வரை வரவில்லை. "எம்மாடி, சர்ச்சுல கூட இவ்வளவு வெளிச்சம் இல்ல" என்றாள் தொமாசா. நான் மட்டும் கையைக் கண்ணுக்கு மேல் வைக்கவில்லை. வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மற்றவர்கள் வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் நானும் வைத்துக்கொண்டேன்.

போன ஞாயிறு பந்தயம். மெலித்தோன் தட்டைக் கொண்டு வந்து வைத்தார், கிழங்கும் கரியும் கலந்து, கெட்டிக்காரர், இரண்டையும் சேர்த்தே ஊற வைத்திருக்கிறார். நானும் சும்மா இருக்கவில்லை, உனக்கு மறைப்பானேன், நில்டாவிடம் முதல் நாளே சொல்லி வைத்திருந்தேன், நான் கரியை எடுக்கும்போது ஒரு இருமல் இருமு என்று. உன் தங்கை இருக்கிறாளே, நாலு பேர் நிற்கிற இடத்தில் இருமக்கூட வெட்கம். நான் எடுக்கிறேன், வைக்கிறேன், காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறேன், ஒரு சத்தம் இல்லை. இவளை நம்பினால் எனக்கு ஆபரேஷன்தான் என்று தெரிந்ததும் நகத்தை நம்பினேன். கிழங்கில் நகம் இறங்கும், கரியில் கிறீச்சென்று சறுக்கும். பேசிக்கொண்டே செய்தேன், மெலித்தோனின் தாத்தா கழுதை திருடிய கதையைச் சொன்னேன், அவர் மறுத்து முடிப்பதற்குள் இந்தப் பக்கம் கிழங்கு, அந்தப் பக்கம் கரி. ஒன்றுகூடத் தப்பவில்லை. தொமாசா கை தட்டினாள். மெலித்தோன் தொப்பியைக் கழற்றி, "தங்கச்சி, தோத்தேன். இனிமே உன் கண்ணப் பத்திப் பேசினா மிச்சப் பல்லையும் பிடுங்கிக்க" என்றார். பார்த்தாயா, நான் ஜெயித்தேன். இதை நீ லிமாவில் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம். இதோடு கடிதத்தை முடித்துவிடத்தான் எனக்கு ஆசை, ஆனால் முதலில் சொன்னேனே, டெலிபோனில் சொல்ல முடியாத விஷயம் என்று, அது இனிமேல்தான்.

இரண்டு கையும் கரி. துடைக்கத் துணி தேடினேன். தரையில், அடுப்புக்கு இந்தப் பக்கம், வெள்ளையாகச் சதுரமாக ஒரு துணி கிடந்தது, யாரோ நல்ல துண்டைக் கீழே போட்டிருக்கிறார்கள் என்று குனிந்து எடுத்தேன். கையில் ஒன்றும் வரவில்லை. மண்தரைதான் வந்தது. சரியாகப் பிடிக்கவில்லை என்று மறுபடியும் குனிந்து பிடித்தேன். அது துணி இல்லை மகனே. அந்தப் புதுத் தகடு வழியாகத் தரையில் விழுந்த வெயில்.

யாராவது சிரித்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். நானும் சேர்ந்து சிரித்து, வேண்டுமென்றே செய்தேன், உங்களை ஏமாற்றினேன் என்று சொல்லியிருப்பேன், வாயில் தயாராகக்கூட வந்துவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. பச்சைக் கினிப்பன்றிக்கு மூன்று நாள் சிரித்த தொமாசா திரும்பி நின்று, கொதிக்காத பானையின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள். மெலித்தோன் பேச மாட்டேன் என்று அப்போதுதான் சொன்னவர், சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், அவர் வாழ்க்கையில் முதல் தடவை, அதற்கு அந்த நேரம்தானா கிடைத்தது. நான் குனிந்தபடியே இருந்தேன். பிறகு நில்டா வந்து தன் சால்வை முனையை என் கையில் வைத்தாள். அதில்தான் துடைத்தேன். அவளுடைய நல்ல சால்வை, இன்னும் கறை போகவில்லை.

அதனால் ஞாயிற்றுக்கிழமை முகாமுக்குப் போகிறேன். பந்தயத்தில் தோற்றதால் இல்லை, ஜெயித்த பிறகு என் இஷ்டத்துக்குப் போகிறேன், இதை மெலித்தோனுக்கு நீயும் தெளிவாக எழுது. எனக்குப் பயம் இல்லை என்று சொன்னால் நில்டா எழுத மாட்டாள், அவள் பொய் எழுதும்போது பேனா நின்றுவிடுகிறது, எனக்குக் கேட்கிறது. பயம்தான். கண்ணைக் கட்டிப் படுக்க வைத்துவிட்டால் அடுப்பை யார் பார்ப்பார்கள், கண்ணைத் திறந்ததும் ஒன்றுமே தெரியாமல் போனால் என்ன செய்வது, அதோடு அந்த டாக்டர்கள் எல்லாரும் ஸ்பானிஷ்தான் பேசுவார்கள், என் கெச்சுவாவை வைத்துக்கொண்டு நான் சுவரோடு பேச வேண்டியதுதான். எனக்காக நில்டாதான் பேச வேண்டும். யாரிடம் போய் மாட்டினேன் பார். நான் கண்ணைத் திறக்க வேண்டும், இவள் வாயைத் திறக்க வேண்டும், எது முதலில் நடக்கிறதென்று மெலித்தோன் புதுப் பந்தயம் கட்டிவிட்டார்.

நீ ஒன்றும் கவலைப்படாதே. வேலை நேரத்தில் ஏணியின் மேல் படியில் நிற்காதே, யாராவது கீழே பிடித்துக்கொள்ளட்டும். உன் லிமாவில் மாதக்கணக்காக வெயிலே வருவதில்லை என்கிறார்கள், அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு எனக்கு வெளிச்சத்தைப் பற்றிப் புத்தி சொல்லி எழுதினாயே, அதை மட்டும் நான் மறக்க மாட்டேன். சூடாகச் சாப்பிடு, இளைக்காதே, போட்டோவில் பார்க்கவே மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. பச்சை பெயின்ட் இனி அனுப்பாதே. காலி டின்னில் தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறேன், அது வேண்டும் என்று கேட்காதே. பிப்ரவரித் திருவிழாவுக்கு வருவதாகப் போன வருஷமும் எழுதினாய், அதற்கு முந்தின வருஷமும் எழுதினாய், இந்த வருஷம் எழுத வேண்டாம், வந்து சேர். எந்த மலை அடிவாரத்தில் பிறந்தாயோ அந்த மலை உன்னைக் கைவிடாமல் பார்த்துக்கொள்ளட்டும், மாதா உன் ஏணியைப் பிடித்துக்கொள்ளட்டும். கையெழுத்துக்குப் பெருவிரல் ரேகை வைக்க எப்போதும் போல் சுவரைத் தடவினேன், இந்த வீட்டில் இப்போது ஒரு பொட்டுக் கரிகூட இல்லை, வெள்ளை வெள்ளையாகக் கையில் ஒட்டுகிறது. அடுப்புக்குள் கைவிட்டு எடுத்து வைக்கிறேன்.

இப்படிக்கு உன் அம்மா பசிலியா, அவள் விரல்.

நில்டா இன்னும் என்னவோ எழுதிக்கொண்டே இருக்கிறாள், பேனா ஓடுகிற சத்தம் கேட்கிறது. என்னடி என்றால் தேதி என்கிறாள். இவ்வளவு நீளமான தேதி எந்த மாதத்தில் வருகிறதோ தெரியவில்லை. எழுதட்டும்.

அண்ணா, அம்மா சொன்னதில் ஒன்றையும் நான் மாற்றவில்லை, கடைசியில் முணுமுணுத்ததைக்கூட அப்படியே எழுதிவிட்டேன். பந்தயத்தன்று வெட்கத்தால் நான் இருமாமல் இருக்கவில்லை. அம்மா தோற்கட்டும் என்றுதான் இருமவில்லை. அதை அம்மாவிடம் சொல்லிவிடாதே. டாக்டரிடம் ஸ்பானிஷில் என்ன சொல்ல வேண்டும் என்று எழுதி வைத்துக்கொண்டு தினமும் மேய்ச்சலில் ஆடுகளிடம் சொல்லிப் பார்க்கிறேன். இவர் என் அம்மா, இரண்டு கண்ணும் மங்கல், பயப்படுகிறார், மெதுவாகச் செய்யுங்கள். நேற்று திக்காமல் சொன்னேன்.

இன்னொன்று. ஈஸ்டருக்கு நீ அனுப்பிய போட்டோவில் நீ இல்லை. நீ வெள்ளையடித்து முடித்த மூன்று மாடி வீடு மட்டும்தான் இருக்கிறது. அம்மா அதைத் தடவிப் பார்த்துத்தான் இளைத்துவிட்டான் என்கிறாள். நான் ம் என்றேன். கட்டு அவிழ்ப்பதற்குள் நீ இருக்கிற போட்டோ ஒன்று அனுப்பு. கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு எடுத்துக்கொள்.